இருபத்தைந்து மில்லிமீட்டர்

போன வாரம் திவ்யாவிடமிருந்து போன் வந்தது. நான் முப்பத்தொரு வருடம் படம் வரைந்த டவர் தொழிற்சாலையில், இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் அவள். வணக்கம் சொல்வதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"மேடம், லிஸ்ட்ல நீங்கதான் ஃபர்ஸ்ட்டு!"

"இன்னா லிஸ்ட்டும்மா?"

விஷயம் இதுதான். பழைய கம்ப்யூட்டர் படங்களையெல்லாம் இப்போது முப்பரிமாண மாடலாக மாற்றுகிறார்களாம். மாற்றுவதற்கு முன்னால் புது மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் துருவிப் பார்க்கிறது. கோட்டின் உண்மையான நீளம் ஒன்றாகவும், பக்கத்தில் எழுதிய எண் வேறாகவும் இருந்தால், அதைப் பிடித்துப் பட்டியலில் போடுகிறது. கூடவே வரைந்தவர் பெயரின் முதலெழுத்துகளையும் போடுகிறது.

"கே.வி., கே.வி.ன்னு பக்கம் பக்கமா வருது மேடம். யாரு இந்த கே.வி.ன்னு புதுசா சேர்ந்த பசங்க கேக்கறாங்க."

"நான்தான்னு சொல்லு. மெடல் குத்தறதா இருந்தா நேர்ல வந்து வாங்கிக்கிறேன்."

அவளோடு சேர்ந்து நானும் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தப் பட்டியலில் ஒரு படம் மட்டும் இருக்காது. அதை நான் அன்றைக்கே திருத்திவிட்டேன். அந்தத் திருத்தத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

படிப்புக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திருத்தணியில் நெசவுக் குடும்பம். என்னை டீச்சராக்கிவிட வேண்டும் என்று நைனாவுக்கு ஆசை. எனக்கோ டீச்சர்களைக் கண்டாலே ஆகாது. தினமும் அரக்கோணத்துக்கு ரயில் ஏறி இரண்டு வருடம் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பிறகு கனகம்மாசத்திரம் பக்கம் ஹைவே ஓரத்தில் இருந்த தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கேயும் வரைபட அறையில் நான் ஒருத்திதான். ஆர்டரில் 'டிராஃப்ட்ஸ்மேன் கலாவதி' என்று அடித்திருந்தார்கள். ஓய்வு பெறும்வரை மேனாகவே இருந்தேன்.

அப்போது சாய்ந்த பலகைகள், டிரேசிங் தாள், மைப் பேனா. டவர் என்பது நான்கு இரும்புக் கால்களும் அவற்றைப் பிணைக்கும் குறுக்குச் சட்டங்களும்தான். எந்தக் காலில் எத்தனை மில்லிமீட்டரில் துளை போட வேண்டும் என்று சொல்வதுதான் எங்கள் படத்தின் வேலை. வரைந்து முடித்த பிறகு ஓர் அளவு மாறினால், மொத்தத் தாளையும் யாரும் மறுபடி வரைவதில்லை. பிளேடால் அந்த எண்ணை மட்டும் நோகாமல் சுரண்டிவிட்டு, புது எண்ணை எழுதி, அதன் கீழே ஒரு கோடு இழுப்போம். 'எண்ணை நம்பு, வரைந்ததை அளக்காதே' என்று அதற்கு அர்த்தம். ஷெட்டில் இருந்தவர்களும் எண்ணைப் படித்து, இரும்பில் சாக்பீஸால் குறித்து, துளை போடுவார்கள். இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. உலகம் முழுக்க அப்படித்தான் நடந்தது.

எங்கள் தலைவர் ஏகாம்பரம் சார். அவர் படம் பரிசோதிப்பதைப் பார்க்க வேண்டும். வாட்சைக் கழற்றி மேசையில் வைப்பார். மஞ்சள் பென்சிலைச் சீவிக்கொள்வார். ஒவ்வோர் எண்ணையும் வாய்க்குள்ளேயே படித்து, துண்டு அளவுகளைக் கூட்டி மொத்த அளவோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் ஒரு டிக் போடுவார். தப்பு இருந்தால் மட்டும் சொல்லமாட்டார். தாளை நம் பக்கம் தள்ளி, தப்புக்குக் கொஞ்சம் தள்ளிப் பென்சிலைப் படுக்க வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக ஹைவேயைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாமாகக் கண்டுபிடிக்கும்வரை திருப்பதி பஸ்களை எண்ணிக்கொண்டிருப்பார். ஒரு தடவை நான் கண்டுபிடித்து நிமிர்ந்தபோது, "பதினேழு பஸ் போயிடுச்சும்மா" என்றார். ஒரே ஒரு நாளைத் தவிர யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. இதற்குப் பதில் நாலு திட்டு திட்டினால் தேவலை என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. தேங்காய் உடைத்து, சந்தனம் வைத்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனோம். அதுவரை மின்விசிறிகூடச் சரியாகச் சுற்றாத அறைக்கு, கம்ப்யூட்டருக்கு வியர்க்கக் கூடாதென்று ஏசி போட்டார்கள். பலகையில் பெரிய கெட்டிக்காரர்கள் என்று பெயர் எடுத்தவர்கள் மௌஸைப் பிடித்துக்கொண்டு திணறினார்கள். எனக்கு மூன்று மாதத்தில் கை வந்துவிட்டது. அலட்டல் என்று நினைத்தாலும் சரி, அறையிலேயே நான்தான் வேகம். ஏகாம்பரம் சார் மட்டும் கடைசிவரை மௌஸைத் தொடவில்லை. "பிரிண்ட் எடுத்துக் குடும்மா" என்பார். வாட்சும் மஞ்சள் பென்சிலும் அப்படியே தொடர்ந்தன.

கம்ப்யூட்டரில் கோடு போட்டால் அதன் நீளத்தை அதுவே அளந்து எழுதிவிடும். நல்ல விஷயம்தான். ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு வாடிக்கையாளரிடமிருந்து 'இந்த அளவை மாற்றுங்கள்' என்று வரும்போது, ஒரு கோட்டை நகர்த்தினால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் இருபது கோடுகளை நகர்த்த வேண்டும். கம்பெனி பஸ் ஐந்தரைக்குக் கிளம்பிவிடும். அப்போது ஒரு நாள் கண்டுபிடித்தேன்: எண்ணின் மேல் இரண்டு முறை கிளிக் செய்தால், அதன் மேலேயே வேறு எண்ணை அடித்துவிடலாம். கோடு இருந்த இடத்திலேயே இருக்கும். பிளேடு வேண்டாம், சுரண்ட வேண்டாம். பலகையில் பழகிய எல்லோருக்கும் இது பிடித்துப்போயிற்று. எண்ணுக்குக் கீழே போட வேண்டிய அந்தக் கோட்டைக்கூட நாங்கள் போடவில்லை. படம் அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்தோம்.

பல வருடம் ஒரு குறையும் வரவில்லை. காரணம், ஷெட்டில் துளை போடும் புது மிஷின் வந்த பிறகும், அதன் ஆபரேட்டர் எங்கள் பிரிண்டைப் பார்த்து எண்களைக் கையால்தான் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் அதையும் மாற்றினார்கள். நாங்கள் சேமித்து வைக்கும் ஃபைலை மிஷினே நேராக எடுத்துக்கொள்ளும், யாரும் எண் அடிக்க வேண்டாம் என்று ஏற்பாடு. எங்கள் அறைக்கும் சுற்றறிக்கை வந்தது. படித்தேன், கையெழுத்துப் போட்டேன், டீ குடிக்கப் போனேன். மிஷினுக்குக் கண் கிடையாது, அது எண்ணைப் படிக்காது, கோட்டைத்தான் அளக்கும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

அந்த மிஷினை ஓட்டியவன் வெங்கடேசு. ஆந்திரா பக்கம் இருக்கும் நகரி ஊர்க்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ். இரும்பை எடுத்து வைப்பதைக்கூட ஓசைப்படாமல் செய்வான். நாலு வருடம் கான்ட்ராக்டில் இருந்தான். அவனை நிரந்தரமாக்கும் ஆர்டர் தயாராகி, ஒர்க்ஸ் மேனேஜரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தான்.

ஊரெல்லாம் மொபைல் டவர்கள் காளான் மாதிரி முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு குன்றில் டவர் வைக்க ஆர்டர் வந்தது. ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் அது வேலை செய்தாக வேண்டும். காவடிக் கூட்டம் முருகன் மலையைச் சுற்றி நெருக்கும் அந்த நாட்களில், கூட வந்தவர்களைத் தொலைத்துவிட்டு, லைன் கிடைக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு தவிப்பவர்களை நாங்கள் வருடாவருடம் பார்ப்போம். அதனால் இந்த டவர்மேல் எனக்குத் தனி அக்கறை.

டவர் பழைய மாதிரிதான். கடைசி நேரத்தில் ஒரு குறுக்குச் சட்டத்தை மட்டும் இருபத்தைந்து மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஓர் அங்குலம், மேலே ஏற்றச் சொன்னார்கள். சட்டத்துக்கான படத்தை இன்னொருவர் ஒழுங்காக மாற்றி வரைந்தார். நான்கு கால்களுக்கும் சேர்த்து ஒரே படம், அது என்னுடையது. 1440 என்று இருந்ததை 1465 என்று மாற்ற வேண்டும். மணி நாலே முக்கால். இரண்டு கிளிக், நாலு இலக்கம்; மொத்தம் இடிக்காமல் இருக்க அடுத்த துண்டு அளவிலும் அதே மாதிரி இருபத்தைந்தைக் குறைத்து அடித்துவிட்டு, பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். மறுநாள் ஏகாம்பரம் சார் பிரிண்ட்டில் 1465க்கு மஞ்சள் டிக் போட்டார். புது மாதிரி டவராக இருந்தால் யார்டில் படுக்க வைத்துப் பூட்டிப் பார்த்திருப்பார்கள். பழைய மாதிரிதானே என்று அதையும் விட்டுவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் துத்தநாகப் பூச்சு போட்டு லாரியில் ஏற்றியாகிவிட்டது.

நாலைந்து நாள் கழித்துக் காலையில் குன்றிலிருந்து போன் வந்தது. குன்றின் மேல் சிக்னல் இல்லை; அதற்காகத்தானே டவரே. சைட் மேஸ்திரி அவ்வளவு தூரம் இறங்கி, டீக்கடை போனிலிருந்து கத்தினார்.

"ஓட்டை சேரல சார்! நாலு கால்லயும் ஒரு இஞ்சு கீழ கீது!"

பத்து மணிக்கு ஒர்க்ஸ் மேனேஜர் அறையில் விசாரணை. ஏகாம்பரம் சார், நான், வெங்கடேசு. மேனேஜர் என் பிரிண்ட்டை மேசையில் விரித்தார்.

"பேப்பர்ல 1465. இரும்புல 1440. நடுவுல நீதான் இருக்கே" என்றார் வெங்கடேசைப் பார்த்து.

"நான் நம்பரே அடிக்கல சார். ஃபைலை எடுத்தேன், மிஷின்ல போட்டேன், அது குத்துச்சு."

"அப்ப மிஷினா கணக்கு போட்டுச்சு?"

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "படம் கரெக்டா இருக்கு சார்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன், ஏனென்றால் அந்த நிமிடம்வரை நான் அதை நம்பினேன். சாயங்காலத்துக்குள் விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, மேசைமேல் இருந்த வெங்கடேசின் ஆர்டரை எடுத்து டிராயருக்குள் போட்டார் மேனேஜர். நாங்கள் மூவருமே அதைப் பார்த்தோம்.

என் இடத்துக்கு வந்து ஃபைலைத் திறந்தேன். கோட்டை அளந்து பார்த்தேன். திரையில் 1440 என்று வந்தது.

பயந்துவிட்டேன். வெட்கம், பரிதாபம் எல்லாம் அப்புறம்தான் வந்தன. முதலில் வந்தது வெறும் பயம். அறையில் ஒரே பெண், இவளை எடுத்ததே தப்பு என்பார்கள் என்று மனம் ஒரு சாக்கைக்கூடத் தேடிக்கொண்டது. கை அதைவிட வேகம். கோட்டைப் பிடித்து 1465க்கு நகர்த்தினேன். கூடவே நகர வேண்டியதை எல்லாம் நகர்த்தினேன். அன்றைக்கு நாலே முக்காலுக்கு நேரமில்லை என்று விட்ட வேலை, கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சேமித்துவிட்டு ஃபைலை மூடினேன். இனி யார் திறந்து பார்த்தாலும் படம் சரி, வெங்கடேசுதான் தப்பு.

கேன்டீனுக்குப் போய் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். பத்து நிமிடம் கழித்து வெங்கடேசு இரண்டு டீயோடு வந்து எதிரே உட்கார்ந்தான். ஒன்றை என் பக்கம் நகர்த்தினான்.

"குடிங்கக்கா."

"இன்னா எழுதப் போறே?"

"இன்னாத்த எழுதறது. நடந்தத எழுதுவேன்." கொஞ்ச நேரம் கிளாஸையே உருட்டிக்கொண்டிருந்தான். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்கோ. நீங்களே ஒருவாட்டி உங்க ஃபைலைப் பாருங்கக்கா. நான் சொன்னா எடுபடாது. நீங்க சொன்னா கேப்பாங்க."

அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இவ்வளவு கேவலமாக என்னை நான் உணர்ந்ததில்லை. எழுந்து நேராக ஏகாம்பரம் சாரிடம் போனேன்.

அவர் அடுத்த டவரின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாட்ச் மேசையில் கிடந்தது.

"சார், நம்பரை மேல அடிச்சிட்டேன். கோட்டை நகர்த்தல."

"கோடு எவ்ளோ இருந்துச்சு?"

"1440 சார்."

"இப்ப எவ்ளோ கீது?"

"1465."

அவருக்குப் புரிந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு எத்தனை பஸ் போயிற்றோ, என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

"மிஷின் கம்ப்யூட்டர்ல பழைய காப்பி இருக்கும். வா, எடுத்துகினு போலாம்."

மேனேஜர் அறையில் நான் சொல்லி முடித்ததும், மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் ஏகாம்பரம் சார் முந்திக்கொண்டார். "டிக் போட்டது நான் சார். நம்பரைத்தான் படிச்சேன். பேப்பர்ல நம்பர் சரியா இருந்துச்சு. மிஷின் பேப்பரைப் பாக்காதுன்னு இந்த வயசுல எனக்குத் தோணல. வெங்கடேசு பேரு இதுல எங்கயும் வரக்கூடாது." அவர் குரல் லேசாக உயர்ந்ததை நான் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

ஃபைலை நான் திருத்தியதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. வெளியே வந்ததும், "அத்த நான் சொல்லமாட்டேம்மா. சொல்லணும்னு தோணுச்சுன்னா நீயே சொல்லிக்கோ" என்றார். எனக்குத் தோன்றியது, தைரியம்தான் வரவில்லை.

எனக்கு மெமோ வந்தது. ஏகாம்பரம் சாருக்கும் ஒன்று வந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மஞ்சள் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். குன்றிலேயே வைத்து, தப்பான துளைக்குப் பக்கத்தில் இன்னொரு துளை போட்டுச் சமாளிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். துளைக்குப் பக்கத்திலேயே துளை போட்டால் கால் வலுவிழந்துவிடும் என்று சார் ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு கால் துண்டுகளையும் புதிதாகச் செய்தோம். வெங்கடேசு மிஷினை ஓட்ட, நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு துளையையும் டேப் பிடித்து அளந்தேன். "மிஷினைக்கூட நம்பமாட்டீங்களாக்கா?" என்று கேட்டான். "மிஷினை நம்பறேன், என்னத்தான் நம்பல" என்றேன். அந்த வாரமே அவன் ஆர்டர் கைக்கு வந்தது. சொன்னபடி ஸ்வீட் வாங்கி வந்தான். எனக்கு மட்டும் இரண்டு கொடுத்தான்.

புதுக் கால்கள் போன அன்று நானும் அடம்பிடித்து லாரியில் ஏறிக்கொண்டேன். ஆடி வெயிலில் புடவையோடு குன்று ஏறியதை மேஸ்திரி வெகு நாள் சொல்லிச் சிரித்தாராம். போல்ட்டை அடிக்க வேண்டியிருக்கவில்லை, கையாலேயே உள்ளே போனது. கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால் டவர் வேலை செய்ய ஆரம்பித்தது. அன்று சாயங்காலம் வீட்டு மாடியிலிருந்து நைனாவுக்குப் போன் போட்டேன். அவர் கீழ்வீட்டில்தான் இருந்தார். "எதுக்குடி, கூப்ட்டா கேக்கமாட்டனா?" என்றார்.

வெங்கடேசு இப்போது அந்த ஷெட்டுக்கே பொறுப்பாளன். வருடாவருடம் ஆடிக் கிருத்திகைக்குத் தவறாமல் போன் பண்ணுவான். "அன்னைக்கு நீங்க சொல்லலன்னா, நான் நகரில மாங்கா வித்துகினு இருப்பேன்க்கா" என்பான். நானும் பெரிய உத்தமி மாதிரி, "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்று வாங்கி வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு தடவையும் போனை வைத்த பிறகு அரை நாள் மனசு சரியிருக்காது.

திவ்யா பேசிய மறுநாள் நானே அவனைக் கூப்பிட்டேன். பின்னால் மிஷின் சத்தம் கேட்டது. ஏகாம்பரம் சார் அன்று வெளியே சொல்லாமல் என்னிடமே விட்டுப்போனதை முழுசாகச் சொன்னேன். நான் முதலில் ஃபைலைத் திருத்தி மறைத்தேன், அப்புறம்தான் போய்ச் சொன்னேன், நீ நினைக்கிற ஆள் நான் இல்லை என்றேன்.

"தெரியும்க்கா."

"இன்னா தெரியும்?"

"அன்னைக்கு மீட்டிங் முடிஞ்சதும் ஷெட்டுக்குப் போயி, உங்க ஃபைலை மறுபடி இழுத்துப் பார்த்தேன். மிஷின்ல இருந்த காப்பில 1440. உங்க ஃபைல்ல 1465. எத்தன மணிக்கு சேவ் பண்ணதுன்னு பக்கத்துலயே காட்டுச்சு. அப்பதான் அஞ்சு நிமிஷம் ஆயிருந்துச்சு."

"அப்புறம் ஏம்பா மேனேஜர்கிட்ட போகல?"

"போனா? நீயே உன் காப்பிய மாத்திட்டு வந்து கதை சொல்றியான்னு கேப்பாரு. கான்ட்ராக்ட் பையன் சொல்றத எவன் கேப்பான்? நீங்களா சொன்னாத்தான் உண்டு. அதான் டீ வாங்கிகினு வந்தேன்."

"நான் சொல்லாமயே வுட்டிருந்தா?"

"அந்தப் பயத்துலதான் கிளாஸை உருட்டிகினு இருந்தேன்" என்று சிரித்தான். "நீங்க டீயைத் தொடாம அப்படியே வச்சிட்டு எழுந்து போனீங்க பாருங்க, அப்பதான்க்கா எனக்கு மூச்சு வந்துச்சு."